தொண்ணூறு டிகிரிக்குக் கீழே

போன வாரம் முருகேசன் போன் செய்தான். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரெசின் கம்பெனியில் இப்போது அவன்தான் மூத்த ஆபரேட்டர். முட்டிவலி, பேரன், மழை எல்லாம் விசாரித்து முடித்த பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணே, இப்பல்லாம் கெட்டில கம்ப்யூட்டரே ஓட்டுது. ஒரே ஒரு ரோதனைதான். சூடு தொண்ணூறுக்குக் கீழ எறங்குச்சுன்னா ஃபார்மலின் வால்வு தானா மூடிக்குது. திரும்ப சூடு ஏத்தி, அது தெறக்குற வரைக்கும் காத்துகினு நிக்கணும். பேட்சுக்கு அரை மணி, முக்கா மணி போவுது. அத்த எண்பதா மாத்திக்கலாம்னு பசங்க சொல்றானுங்க. மாத்துனா இன்னா ஆவும்?"

"மாத்தாத."

"அதான் ஏன்னு கேக்குறேன். இங்க ஒருத்தருக்கும் தெரியல. புக்குல நம்பர் மட்டும்தான் கீது."

எனக்குப் போனில் விளக்கம் சொல்ல வராது. நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு முட்டிக்கொள்ளும். "எழுதி அனுப்பறேன், அதுவரைக்கும் யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லி வைத்தேன். தொழிலாளர் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்துக்காரர்கள் முன்பே கேட்டிருந்தார்கள். எழுதுவதாக இருந்தால் இதைத்தான் எழுத வேண்டும்.

நான் பயந்த சுபாவம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததற்குக் காரணமே அதுதான். கேஸ் அடுப்பை மூடினேனா என்று பார்க்க, படப்பை வரை போன ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கிச் சேரப்பணஞ்சேரி வீட்டுக்குத் திரும்பி வந்த ஆள் நான். அடுப்பு மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஒரகடம் ரோட்டில் எங்கள் கம்பெனி ஷெட் போட்டபோது, லோடிங் ஆளாகச் சேர்ந்தேன். இரண்டு மாதம் டிரம் உருட்டினேன், ஆறு மாதம் அடுத்தவர் வால்வு திருப்புவதைப் பார்த்தேன். ஒரு நாள் ஆபரேட்டர் ஒருவர் கார் கம்பெனிக்குப் போய்விட்டார். அவருடைய ஹெல்மெட்டை எடுத்து என் தலையில் வைத்தார்கள். பயிற்சி அவ்வளவுதான்.

நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். பிரேக் லைனிங் செய்கிறவர்களும் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிக்காரர்களும் பொடியைக் கெட்டிப்படுத்த ரெசின் என்ற பிசினை வாங்குவார்கள். பார்க்கத் தேன் நிறத்தில், உடைத்த கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும். அதற்குள் இருப்பவை இரண்டே சரக்குகள், ஃபீனாலும் ஃபார்மலினும். இரண்டும் எளிமையான சரக்குதான், தனித்தனியாக நிற்பவை. ஃபீனால் டிரம்மில் உறைந்து கிடக்கும். வெந்நீர்த் தொட்டியில் இறக்கி உருக்க வேண்டும். மே மாதத்தில் பாதி தானாகவே உருகியிருக்கும். தோலில் பட்டால் அந்த இடம் முதலில் வெளுக்கும், பிறகு மரத்துப்போகும், அதற்குப் பிறகுதான் எரியும். ஃபார்மலின் தண்ணீர் மாதிரி இருக்கும், கண்ணைக் கரிக்கும்.

இந்த இரண்டும் கெட்டில் என்று நாங்கள் சொல்லும் பெரிய மூடிய இரும்புக் கொப்பரைக்குள் சூட்டில் கைகோக்கும். ஒரு ஃபீனால், நடுவில் ஒரு ஃபார்மலின், அடுத்து ஒரு ஃபீனால். இப்படி ஐந்தோ ஆறோ பத்தோ சேர்ந்த குட்டிச் சங்கிலியோடு நாங்கள் நிறுத்திவிடுவோம். ஆபீஸில் அதை ஒலிகோமர் என்பார்கள். அதற்கு மேல் கோத்துக்கொண்டே போவது வாங்குகிறவர் வேலை. அவர் ஹெக்ஸா என்ற வெள்ளைப் பொடியைக் கலந்து, அச்சில் வைத்து அழுத்திச் சுடும்போது, குட்டிச் சங்கிலிகள் எல்லாத் திசையிலும் பின்னிக்கொண்டு கல்லாகிவிடும். அப்புறம் எந்தச் சூட்டுக்கும் உருகாது. ஆக, எங்கள் கம்பெனி விற்றது பாதியில் நிறுத்திய சரக்கு.

சங்கிலி எவ்வளவு நீளம் என்று கண்ணால் பார்க்க முடியாது. அதற்கு ஒரு சோதனை உண்டு. பிசினைப் பொடித்து ஒரு கிராம் எடுத்து, பட்டாணி அளவு மாத்திரையாக அழுத்தி, கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் வைத்து அடுப்புக்குள் விடுவார்கள். மூன்று நிமிடம் கழித்துத் தகட்டைச் சாய்த்துவிடுவார்கள். உருகிய பிசின் கீழே வழியும். குட்டிச் சங்கிலியாக இருந்தால் தூரம் ஓடும், நீளமாகிவிட்டால் கொஞ்சம் போய் நின்றுவிடும். ஓடிய தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்து எழுதுவார்கள்.

அளந்து எழுதியவர் சுகந்தி மேடம். எங்கள் பிளான்ட் கெமிஸ்ட். என்னைவிட எட்டு வயது இளையவர், காஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வெள்ளைக் கோட்டுப் பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எந்தத் தகராறு என்றாலும் முதல் கேள்வி "எவ்ளோ?" என்பதுதான். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எவ்வளவு லிட்டர். "ஏன்?" என்பது எல்லாம் அடங்கிய பிறகு வரும். சாம்பிள் பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார், பிறகு மூடியைத் திறந்து, கையால் காற்றை விசிறி ஒரு தடவை மோந்து பார்ப்பார். ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் நாங்கள் எழுதும் பேட்ச் ஷீட்டில் தப்பாக எழுதிவிட்டால் ரப்பர் போடக் கூடாது, மேலே எழுதி அழுத்தக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அடித்தது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். "தப்பு இருக்கலாம், மறைக்கக் கூடாது" என்பார். எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். "ஏகாம்பரம் ஷீட்டுதான் சுத்தமா இருக்கும்" என்று நாலு பேர் முன்னால் ஒரு முறை சொன்னார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன்.

கெட்டிலில் வேலை இப்படி: ஃபீனாலை உள்ளே இழுத்து, இரண்டும் கைகோக்கத் தூண்டும் ஆக்ஸாலிக் ஆசிட் கொஞ்சம் போட்டு, கெட்டிலைச் சுற்றியிருக்கும் இரட்டைச் சுவருக்குள் ஸ்டீம் விட்டுத் தொண்ணூற்றைந்து டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். அந்தச் சுவருக்கு ஜாக்கெட் என்று பெயர். பிறகு மேல்தளத் தொட்டியிலிருந்து ஃபார்மலினை மெல்லிய தாரையாக இரண்டு மணி நேரம் விட வேண்டும். சேரச் சேர அதுவே சூடு விடும், ஸ்டீமை மூடிவிடலாம். உள்ளே கொதித்து எழும் ஆவி மேலே கண்டென்சரில் குளிர்ந்து, ஒரு கண்ணாடிக் குழாய் வழியாகத் தண்ணீராகக் கெட்டிலுக்கே திரும்பி ஓடும். சூடு அதிகமானால் ஜாக்கெட்டில் பச்சைத் தண்ணீர் விட்டு அடக்கலாம். சூடு காட்டும் டயல் கீழே, என் பக்கம். கண்ணாடிக் குழாயும் ஃபார்மலின் வால்வும் மேல்தளத்தில். அங்கே செந்தூர்பாண்டி நிற்பான். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், சுங்குவார்சத்திரத்தில் ஆறு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். வாய் ஓயாது.

"அண்ணாச்சி, கெட்டிலப் பாக்கேளா, பொண்டாட்டியப் பாக்கேளா? இப்படி மொறச்சுக்கிட்டு நிக்கிய!"

"மூடிகினு மேல போடா. குழாயப் பாரு."

"குழாய் நல்லா ஓடுது. ஒங்க மொகத்துலதான் ஒண்ணும் ஓடல."

நான் சேர்ந்த வருஷம் பக்கத்து ஷெட்டில் ஒரு கெட்டில் பொங்கியது. கூரைத் தகடு வரை அடித்தது. ஒருவருடைய முழங்கை வெள்ளையாகிப் போனதைப் பார்த்தேன். அன்றிலிருந்து டயல் முள் தொண்ணூற்றைந்தைத் தாண்டினாலே என் கண் கூரைத் தகட்டுக்குப் போகும். ஆகவே யாரிடமும் சொல்லாமல் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஃபார்மலின் ஓட ஆரம்பித்ததும் ஜாக்கெட் தண்ணீர் வால்வைக் கால் திருப்புத் திறந்து வைப்பேன். முள் தொண்ணூற்றிரண்டுக்கு இறங்கும், என் பயமும் கூடவே இறங்கும். ஷீட்டில் கால் மணிக்கு ஒரு முறை சூட்டை எழுத வேண்டும். தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாது என்று மேலே அச்சடித்திருக்கும். தொண்ணூற்றிரண்டு என்று எழுதினால் மேடம் கேட்பார். ஆகவே தொண்ணூற்றைந்து என்றே எழுதினேன். மூன்று டிகிரிதானே. மூன்று வருஷம் அப்படி ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை.

நாலாவது கோடையில், ஜாக்கெட்டுக்குத் தண்ணீர் அனுப்பும் கூலிங் டவருக்குப் புது பம்பு போட்டார்கள். வேகம் அதிகம். அதை நான் பார்த்தேன், பெயின்ட் வாசனைகூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் என் கால் திருப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று தோன்றவில்லை.

அன்று காலை ஷிப்ட். எட்டு மணிக்கு ஃபார்மலினைத் திறந்தோம். எட்டே காலுக்கும் எட்டரைக்கும் தொண்ணூற்றாறு. வழக்கம்போல் கால் திருப்பு. அந்த நேரம் பார்த்து ஸ்டோர் ஆள் டிரம் கணக்குக்குக் கூப்பிட்டார். திரும்பி வந்து பார்த்தால் முள் எழுபத்து நாலில் நிற்கிறது. தண்ணீரை மூடினேன். அதற்கு மேல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அப்போது நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நிம்மதியாக இருந்தது. எழுபத்து நாலு டிகிரியில் கொதிப்பு இல்லை, சத்தம் இல்லை. கெட்டில் பசு மாதிரி நின்றது. சூடு இல்லை என்றால் சேராது, சேராவிட்டால் பொங்காது. மேலே பாண்டி ஃபார்மலினை விட்டுக்கொண்டேதான் இருந்தான். நான் நிறுத்தச் சொல்லவில்லை. சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். ஷீட்டில் எட்டே முக்காலுக்குத் தொண்ணூற்றைந்து, ஒன்பதுக்குத் தொண்ணூற்றைந்து, ஒன்பதே காலுக்குத் தொண்ணூற்றைந்து. மூன்றையும் அழகாக எழுதினேன்.

மேலிருந்து பாண்டி எட்டிப் பார்த்தான். "அண்ணாச்சி, குழாய் காஞ்சு கெடக்கு. ஒரு சொட்டு திரும்பல."

"வரும் வரும். சும்மா இரு."

"ஒங்க டயலு என்ன சொல்லுது?"

"ஒழுங்காத்தான் கீது. வேலயப் பாரு."

மேடம் ஒன்பதரைக்குச் சாம்பிளுக்கு வருவார். அதற்குள் முள்ளைத் தொண்ணூற்றைந்துக்கு ஏற்றிவிட்டால் ஷீட்டும் டயலும் ஒத்துப்போகும். ஸ்டீமைத் திறந்தேன். முள் மெல்ல நகர்ந்தது. எழுபத்தாறு. எழுபத்தெட்டு.

மேடம் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். டயலுக்கு முன்னால் நான் நின்றேன். மறைத்துக்கொண்டு நின்றேன் என்பதுதான் உண்மை. அவர் ஷீட்டை எடுத்துப் பார்த்தார், தலையசைத்தார், கீழ் வால்வில் சாம்பிள் பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூடியைத் திறந்து விசிறினார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஃபார்மலின் இவ்ளோ அடிக்குது" என்றார் தனக்குத்தானே. பிறகு என்னைப் பார்த்தார். "ஏகாம்பரம், இப்ப எவ்ளோ?"

ஷீட் அவர் கையில் இருந்தது. "தொண்ணூத்தஞ்சு" என்று சொல்லியிருந்தால், ஃபார்மலின் சரக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து லேபுக்குப் போயிருப்பார். என் வேலை பத்திரமாக இருந்திருக்கும். அதைச் சொல்ல வாயும் திறந்தேன். தலைக்கு மேலே பாண்டி ஏதோ பாட்டை விசிலடித்துக்கொண்டிருந்தான். இரும்புத் தளத்தின் இடுக்கு வழியாக அவனுடைய செருப்பு தெரிந்தது. ஷூ போடச் சொல்லி எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டான். அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எண்பத்து மூணு மேடம். எழுபத்து நாலுல அரை மணி நின்னுச்சு. ஷீட்டுல இருக்கறது பொய். ஸ்டீம் தெறந்து வெச்சிகீறேன்."

"ஃபார்மலின்?"

"ஓடிகினேதான் இருக்குது."

அவர் திட்டவில்லை. ஸ்டீமை மூடச் சொன்னார். ஜாக்கெட்டில் நிற்கும் ஸ்டீமை வடித்துவிட்டுத் தண்ணீரை முழுசாகத் திறக்கச் சொன்னார். "கெட்டில் உள்ள சுத்துற கலக்கி நிக்கக் கூடாது. கரண்ட் போனா டீசல் ஜெனரேட்டரப் போடச் சொல்லுங்க." பிறகு அண்ணாந்து பார்த்து, "பாண்டி, ஃபார்மலின மூடிட்டு எறங்குங்க. படியில ஓடாதீங்க" என்றார்.

"மூடியாச்சு மேடம்! என்ன விசயம்?"

"எறங்குங்க, சொல்றேன்."

அவன் இறங்கியதும் ஷெட்டில் இருந்தவர்களை எல்லாம் வெளியே கூட்டிப்போகச் சொன்னார். என்னையும் போகச் சொன்னார். நான் போகவில்லை. தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம், வால்விலிருந்து கையை எடுக்கத்தான் பயம். தண்ணீர் வால்வைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

ஸ்டீம் இல்லை, ஃபார்மலின் இல்லை, புது பம்பு தன் முழு வேகத்தில் தண்ணீரை இறைக்கிறது. அப்படியும் முள் ஏறியது. எண்பத்தாறு. தொண்ணூறு. தொண்ணூற்றைந்து. என் வேலைக்காலத்தில் வால்வுக்குக் கட்டுப்படாமல் முள் தானாக ஏறியதை அன்றுதான் பார்த்தேன். தொண்ணூற்றெட்டில் கெட்டில் உறுமத் தொடங்கியது. மேலே குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் இல்லை, நுரை அடைத்துக்கொண்டு குமுறும் சத்தம்தான் கேட்டது. கூரைக்கு மேல் போகும் போக்குக் குழாயின் இணைப்பிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. கூடவே சூடான கலவையும் தெறித்து மேல்தளத்தில் விழுந்தது, பாண்டி நின்ற இடத்தில். மேடம் கைக்கடிகாரத்தையும் டயலையும் மாறி மாறிப் பார்த்து, சிவப்புப் பேனாவால் எழுதிக்கொண்டே இருந்தார். நிமிடத்துக்கு ஒரு வரி.

இருபது நிமிடம். நூற்றொன்றில் முள் நின்றது. நின்று, யோசித்து, நூறுக்கு வந்தது. மேலே நுரை அடங்கி, குழாயில் மறுபடியும் தெளிவாகத் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் நான் தரையில் உட்கார்ந்தேன்.

மதியத்துக்கு மேல் மேடம் என்னையும் பாண்டியையும் லேபுக்குக் கூப்பிட்டார். ஷீட்டை மேஜையில் வைத்தார். இப்போதுதான் அவருடைய இரண்டாவது கேள்வி வந்தது.

"ஏன் தண்ணி விட்டீங்க?"

"சூடு கொறஞ்சா சேராது மேடம். சேராட்டி பொங்காதுன்னு..."

"சரி. சேராதது எங்க போச்சு?"

நான் ஜன்னல் வழியாகக் கெட்டில் ஷெட்டைப் பார்த்தேன்.

"எங்கயும் போகல ஏகாம்பரம். உள்ளயேதான் நின்னுச்சு. ஒவ்வொண்ணும் சேரும்போது கொஞ்சம் சூடு விடும். சேந்தது தன் சூட்ட விட்டுட்டு அடங்கிடும். நம்ம பிசின கையில எடுத்து வெச்சுக்கலாம், ஒண்ணும் பண்ணாது. சேராம தனித்தனியா நிக்குறதுதான் சூட்ட உள்ள வெச்சுக்கிட்டு நிக்குது. நீங்க அரை மணி நேரம் அத ரொப்பிக்கிட்டே இருந்துட்டு, அப்பறம் ஸ்டீம் வேற தெறந்திருக்கீங்க."

பாண்டிதான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான். "அண்ணாச்சி, சுங்குவார்சத்திரம் ஸ்டாப்புல நிக்கமுல்லா, அது மாதிரி. பஸ்ஸு வந்துக்கிட்டே இருந்தா நாலு நாலு பேரா ஏறிப் போயிருவான், ஸ்டாப்பு காலியா கெடக்கும். ஒரு மணி நேரம் பஸ்ஸ நிறுத்திப்போட்டு, ஆள மட்டும் வரவிட்டீங்க. பொறவு ஒரு பஸ்ஸு வந்தா? ஏறுதவன் சட்ட கிழியும்லா!" சிரித்தான். மேடமும் சிரித்துவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது. கீழே இறங்கியதிலிருந்து அவன் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. 'டயலு ஒழுங்காத்தான் கீது' என்று நான் சொன்னதையும் அவன் மேடத்திடம் சொல்லவில்லை. நானே சொன்னேன்.

மேடம் நீலப் பேனாவை என்னிடம் கொடுத்தார். மூன்று தொண்ணூற்றைந்தையும் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் எழுபத்து நாலு என்று எழுதி, மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். அடித்தது தெளிவாகத் தெரிந்தது. ரிப்போர்ட்டில் டயல் பழுது என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று மானேஜர் சொன்னாராம். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை, நான் பொய் எழுதியதையும் எழுதினார், கேட்டதும் உண்மையைச் சொன்னதையும் எழுதினார். இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருந்தன. எனக்குப் பத்து நாள் சஸ்பென்ஷன். வேலை போகவில்லை. அந்த பேட்ச் பிசின் கண்ணாடித் தகட்டில் அளவுக்கு வரவில்லை. சங்கிலி ஒன்று குட்டி, ஒன்று நீளம் என்று கலந்துகிடந்ததாம். மொத்தத்தையும் கழித்தார்கள்.

பத்து நாள் கழித்துப் போனபோது டயலுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பலகை. சிவப்பு பெயின்டில் தமிழில் எழுதியிருந்தது: தொண்ணூறுக்குக் கீழே ஃபார்மலின் நிறுத்து. அந்த வருஷமே மேல்தளக் குழாயைக் கீழே இருந்தே பார்க்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் சாய்த்து வைத்தார்கள். பயம் என்னை விட்டுப் போய்விட்டதா என்றால், இல்லை. இடம் மாறியது. அதுவரை மேல்தளக் குழாயில் தண்ணீர் திரும்பி ஓடும் சத்தம் கேட்டால் பயந்தேன். பிறகு ஓய்வு பெறும் வரை, அந்தச் சத்தம் நின்றால் பயந்தேன்.

முருகேசா, உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் தொண்ணூறு எங்கிருந்து வந்தது என்று கேட்டாய். அந்தத் தகரப் பலகையிலிருந்து வந்தது. பலகை என் மூன்று கையெழுத்திலிருந்து வந்தது. பாண்டி இப்போது கோவில்பட்டியில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், அங்கேயும் செருப்புதான். எண்பதாக மாற்றினால் முக்கால் மணி நேரம் மிச்சமாகும், ஒத்துக்கொள்கிறேன். மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய். படியேறி மேல்தளத்துக்குப் போய், இன்றைக்கு அங்கே யார் நிற்கிறார் என்று பார்த்துவிட்டு வா.